பாதிக் குழந்தைகளுக்குக் கழுத்தில் கட்டியா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே ஆகட்டும். பதிலை மற்ற பெற்றோரும் படிக்கும்படி இங்கேயே எழுதச் சம்மதித்ததற்கு நன்றி.

காய்ச்சலோடு மகளுக்குத் தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று மருத்துவர் கழுத்து ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். நெறியில் ஒன்றும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், தைராய்டின் இரண்டு பக்கமும் சிறு நீர்க்கட்டிகள், பெரியது 4 மில்லிமீட்டர் என்று இருந்தது. "பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம்" என்று சொன்ன மருத்துவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிரவே உங்கள் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். ஜப்பானில் அணு உலை வெடித்த ஊரில் பாதிக் குழந்தைகளுக்குத் தைராய்டில் கட்டியாம். பதினொரு வயதுப் பெண்ணுக்குத் தாயான நீங்கள் அதற்குப் பிறகு தூங்கவில்லை என்பதில் வியப்பில்லை.

உங்கள் மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவச் செய்திகளைப் படித்து எழுதுகிறவன். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலில், அவை நீர் மட்டுமே உள்ள சிறு பைகள் என்றும், உள்ளே திடமான பகுதி எதுவும் இல்லை என்றும் தெளிவாக இருக்கிறது. இந்த வகைக் கட்டிகள் புற்றுநோயாக மாறுவதில்லை. வளரும் வயதில் வரும், போகும். அடுத்த ஸ்கேனில் ஒன்று காணாமல் போய் இன்னொன்று புதிதாகத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. உங்கள் மருத்துவர் சொன்னது சரியான பதில்தான். அதை இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

இனி அந்த வீடியோ. அதிலுள்ள எண் பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டார்கள். அந்தக் கதை உங்கள் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள உதவும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் பெரும் நிலநடுக்கம், தொடர்ந்து சுனாமி. ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் மின்சாரம் போய், உலைகளைக் குளிர வைக்க முடியாமல், அடுத்த சில நாள்களில் உலைக் கட்டடங்களில் ஹைட்ரஜன் வெடித்தது. காற்றில் கலந்தவற்றில் அயோடின்-131 ஒன்று. எட்டு நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துவிடும் பொருள்தான். ஆனால் உணவிலுள்ள அயோடினை இழுத்துக்கொள்வது போலவே இதையும் தைராய்டு இழுத்துக்கொள்ளும். குழந்தைகளின் சிறிய சுரப்பிக்கு அதனால் கேடு அதிகம். 1986 ஏப்ரலில் செர்னோபில் உலை வெடித்தபோது, அந்த அயோடின் புல்லில் விழுந்து, பசுவுக்குள் போய், பாலாகக் குழந்தைகளின் டம்ளருக்கு வந்தது. அந்தப் பகுதிகளில் அப்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர்களில் இறந்தவர்கள் 15 பேர் என்று ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு பதிவு செய்திருக்கிறது. இரண்டாவது எண்ணையும் மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

செர்னோபிலை அறிந்த ஜப்பானியத் தாய்மார்களுக்கு முதலில் தோன்றிய பயமே தைராய்டுதான். 2011 அக்டோபரில் ஃபுகுஷிமா மாகாண அரசு, விபத்தின்போது 18 வயதும் அதற்குக் கீழும் இருந்த அனைவருக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்கத் தொடங்கியது. மொத்தம் சுமார் 3,60,000 பேர். முதல் சுற்றில் 3 லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பாலும் பள்ளிகளிலேயே வரிசையில் நிற்க வைத்து, சில நிமிடங்களில் ஒரு குழந்தை என்று முடித்தார்கள். செர்னோபிலில் புற்றுநோய் தலைதூக்க நான்கைந்து ஆண்டுகள் ஆயின என்பதால், முதல் மூன்றாண்டில் கிடைப்பதை அடிப்படைக் கணக்காக வைத்துக்கொண்டு பிறகு ஒப்பிடலாம் என்பது திட்டம். காகிதத்தில் நல்ல திட்டம்.

முடிவுகள் தபாலில் போயின. ஒன்றுமே இல்லாவிட்டால் ஏ-1. 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத திடக்கட்டியோ 20 மில்லிமீட்டருக்கு மேற்படாத நீர்க்கட்டியோ இருந்தால் ஏ-2. அதைவிடப் பெரிதானால் பி. அவர்களுக்கு மட்டும் அடுத்தகட்டப் பரிசோதனை. உங்கள் மகள் அங்கே பிறந்திருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் தபாலில் ஏ-2 என்று இருந்திருக்கும். ஸ்கேன் எடுத்தவர் எடுக்கும்போது எதுவும் சொல்லவில்லை. படம் தரவில்லை. படம் வேண்டுமென்றால் தகவல் கோரி முறைப்படி மனுப் போட வேண்டியிருந்தது. அடுத்த பரிசோதனை இரண்டு ஆண்டு கழித்து. அந்தத் தாளைப் பிரித்த ஒரு தாயின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் வேறு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். ஆனால் 2012 ஜனவரியிலேயே, பரிசோதனைக்குப் பொறுப்பான நிபுணர்கள் நாட்டிலுள்ள தைராய்டு மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள்: ஏ-2 வந்தவர்களுக்கு அறிகுறி ஏதும் இல்லையென்றால் அடுத்த சுற்று வரை மறுபரிசோதனை தேவையில்லை, பெற்றோருக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள் என்று. மருத்துவமாகப் பார்த்தால் அதில் தவறில்லை. ஆனால் வெளியே நின்ற பெற்றோரின் கண்ணுக்கு, எல்லாக் கதவையும் ஒரே கை சாத்துவது போலத் தெரிந்தது. ஏற்கெனவே அரசும் அணுமின் நிலையத்தை நடத்திய மின் நிறுவனமும் சொன்ன எதையும் நம்பத் தயாராக இல்லாத காலம் அது. விபத்து நடந்த நாள்களில் தண்ணீர் லாரிக்காகக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெட்டவெளியில் வரிசையில் நின்றோமே என்று தங்களையே நொந்துகொண்டிருந்த காலம்.

முதல் சுற்றில் ஏ-2 வந்தவர்கள் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 47.8 பேர். வீடியோ சொல்லும் 'பாதி' இதுதான். அதில் கிட்டத்தட்ட எல்லாமே நீர்க்கட்டி. திடக்கட்டி இருந்தவர்கள் மிகச் சிலரே.

வீடியோ இங்கே நிறுத்திவிடுகிறது. ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. உலையிலிருந்து வெகுதொலைவில் உள்ள அமோரி, யாமனாஷி, நாகசாகி ஆகிய மூன்று மாகாணங்களில் 3 முதல் 18 வயது வரையிலான 4,365 பேரை அதே வகைக் கருவியால், அதே அளவுகோலால் ஸ்கேன் செய்தார்கள். 2013-ல் முடிவு வந்தது: ஏ-2 நூற்றுக்கு 56.5. ஃபுகுஷிமாவைவிட அதிகம்! பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த நீர்க்கட்டிகள் குறைவு. மூன்று மாகாணக் கணக்கில் அவர்கள் சேர்க்கப்படாததும் இந்தக் கூடுதலுக்கு ஒரு காரணம். எப்படிப் பார்த்தாலும், நல்ல ஆரோக்கியத்தோடு ஓடியாடும் ஜப்பானியப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் தைராய்டில் நீர்க்கட்டி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் அது உச்சத்துக்குப் போகிறது. இது அதுவரை யாருக்கும் தெரியாது. ஏனென்றால் ஒரு நோயும் இல்லாத லட்சக்கணக்கான பிள்ளைகளின் கழுத்தை இவ்வளவு நுட்பமான கருவியால் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அந்த ஒப்பீட்டை முதலில் செய்துவிட்டுத் தபால் அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 'உங்கள் குழந்தைக்கு இது இருக்கிறது' என்ற செய்தி மட்டும் ஒரு பெற்றோருக்குப் பயன்படாது. 'எந்தக் குறையும் இல்லாத எத்தனை குழந்தைகளுக்கு இது இருக்கிறது' என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னாளில் பரிசோதனைக் கூடத்திலேயே படத்தைக் காட்டி விளக்கும் ஏற்பாடு வந்தது, பள்ளிகளுக்குப் போய்ப் பேசினார்கள். ஆனால் முதல் தபால் உண்டாக்கிய பயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் 'நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆகுமா' என்று கவலைப்பட்டார்கள். ஜப்பானிலுமா என்று கேட்காதீர்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்கள் திருமணச் சந்தையில் ஒதுக்கப்பட்ட நினைவு அங்கே இன்னும் இருக்கிறது.

நீர்க்கட்டி விவகாரம் இப்படி முடிந்தது. புற்றுநோய் விவகாரம் இன்னும் முடியவில்லை. முதல் சுற்றில் 116 பேருக்குப் புற்றுநோய் அல்லது அதற்கான சந்தேகம் என்று வந்தது. அடுத்தடுத்த சுற்றுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 300-ஐத் தாண்டிவிட்டது. கதிர்வீச்சுதான் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை, தேடியதால் கிடைத்தது என்பது ஐ.நா. குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையின் முடிவு. குழந்தைகளின் தைராய்டு பெற்ற கதிர்வீச்சு செர்னோபிலைவிடப் பல மடங்கு குறைவு என்பதும், செர்னோபிலில் மிக அதிகம் பாதிக்கப்பட்ட ஐந்து வயதுக்குக் கீழானவர்களிடம் இங்கே அந்தப் பெருக்கம் தெரியவில்லை என்பதும் அந்தத் தரப்பின் பலம். ஆனால் 2011 மார்ச் இறுதியில் தைராய்டு பெற்ற கதிர்வீச்சின் அளவை நேரடியாக அளந்து பார்த்தது 1,080 குழந்தைகளுக்கு மட்டும் என்பது அதே தரப்பின் பலவீனம். புற்றுநோய் கண்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், அவர்களில் பலருக்கு நிணநீர்க் கணுக்களில் ஏற்கெனவே பரவியிருந்தது, இவை தேவையில்லாத அறுவைகள் அல்ல என்கிறார். 2022 ஜனவரியில், விபத்தின்போது சிறுவர்களாக இருந்து பின்னர் அறுவைக்கு உள்ளான ஆறு இளைஞர்கள் மின் நிறுவனத்தின் மீது டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். என்னைக் கேட்டால், ஐ.நா. குழுவின் கணிப்புப் பக்கமே சான்றுகள் அதிகம் சாய்கின்றன. அதற்காக அந்த ஆறு பேரின் கேள்வி அற்பமாகிவிடாது.

தேடினால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்குத் தென்கொரியா தெளிவான உதாரணம். அங்கே அணு விபத்து எதுவும் இல்லை. 1999-ல் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைகள் பெரியவர்களுக்குத் தைராய்டு ஸ்கேனையும் எடுத்தன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்காகிவிட்டது. அதனால் இறப்பவர்கள் விகிதமோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே கொடுக்காமல் கிடந்திருக்கக் கூடியவற்றைத் தேடிப்பிடித்து வெட்டினார்கள் என்றுதான் அதற்குப் பொருள். 2018-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கூட்டிய நிபுணர் குழு, அணு விபத்துக்குப் பிறகுகூட ஊரிலுள்ள எல்லோருக்கும் தைராய்டு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஆகவே, 'தம்பிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமா' என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: வேண்டாம். அவனுக்குக் கழுத்தில் எதுவும் தட்டுப்படவில்லை, குடும்பத்தில் யாருக்கும் தைராய்டு புற்றுநோய் இல்லை என்கிறீர்கள். பிறகு எதற்கு?

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது, குழந்தையின் கழுத்தில் எது வந்தாலும் விட்டுவிடலாம் போல என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அதுவே பெரிய கவலை. உங்கள் மகளுக்கு இருப்பது நீர்க்கட்டி. திடமான கட்டி, அதாவது டாக்டர்கள் நாட்யூல் என்பது, வேறு விஷயம். பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு அது வருவது அபூர்வம். வந்தால் கவனம் கூடுதலாகத் தேவை. பெரியவர்களின் நாட்யூல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை புற்றுநோயாக இருக்கும் என்றால், மருத்துவரிடம் வந்து சேரும் குழந்தைகளின் நாட்யூல்களில் அது நூற்றுக்கு 22 முதல் 26 வரை என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-ல் குழந்தைகளுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நீர்க்கட்டிக்குள் சிறு திடப்பகுதி இருந்தாலும் அதை நாட்யூலாகவே எண்ண வேண்டும். ஃபுகுஷிமாவிலும் அப்படித்தான் கணக்கிட்டார்கள்.

கையில் தட்டுப்படும் கெட்டியான கட்டி, வேகமாகப் பெரிதாவது, காரணமில்லாமல் குரல் கம்முவது, காய்ச்சல் சளி போன பிறகும் வாரக்கணக்கில் வற்றாத நெறி, சிறு வயதில் வேறு புற்றுநோய்க்காகக் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றது, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கேனில் கட்டியின் ஓரம் ஒழுங்கற்று இருப்பது, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிவது, பக்கத்து நிணநீர்க் கணுக்கள் உருமாறியிருப்பது ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும். பெரியவர்களுக்கு இவ்வளவு மில்லிமீட்டர் வரை பொறுத்திருக்கலாம் என்று சொல்லும் கணக்கைக் குழந்தைகளுக்கு அப்படியே போடக் கூடாது. சுரப்பியே சிறியது, வயதுக்கேற்ப அளவும் மாறும். ஆகவே அளவைவிடத் தோற்றத்துக்கே முதலிடம். இதனால்தான் குழந்தைகளுக்கான ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடம் ஒரு முறையாவது காட்டச் சொல்கிறேன்.

பயமுறுத்திவிட்டுப் பொய்யாகிப் போகும் தோற்றங்களும் உண்டு. குழந்தைப் பருவத்தில் மார்பின் மேற்பகுதியில் இருக்கும் தைமஸ் சுரப்பியின் ஒரு துணுக்கு, கருவில் வளரும்போதே வழிதவறித் தைராய்டுக்குள் தங்கிவிடுவதுண்டு. ஸ்கேனில் அது பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகளோடு அச்சு அசல் புற்றுநோய் போலவே தெரியும். அனுபவமுள்ள கண் அடையாளம் கண்டுவிடும். வயது ஏற ஏற அது தானே சுருங்கிவிடும். பருவ வயதுப் பெண்களிடம் இன்னொன்று: உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயில் சுரப்பி திட்டுத் திட்டாக மாறி, பல நாட்யூல்கள் என்று ரிப்போர்ட் வரலாம். டி.எஸ்.எச். அளவும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் குட்டை உடைத்துவிடும்.

'ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும் என்று மாமியார் சொல்கிறார்' என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மகளுக்கு ஊசிப் பரிசோதனையே இப்போது தேவைப்படவில்லை. தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் இதைப் படித்தால்: தைராய்டில் மெல்லிய ஊசியால் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் தள்ளிப்போடுவதுதான் கேடு. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போடுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

அப்படிப் புற்றுநோயே என்று வந்துவிட்டால்? செர்னோபிலின் இரண்டாவது எண்ணான 15-ஐ இங்கேதான் நினைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு வரும் தைராய்டு புற்றுநோயில் பெரும்பங்கு பாப்பிலரி வகை. கண்டுபிடிக்கும்போதே நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தாலும், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். நூற்றில் 95-க்கும் மேற்பட்டோர் பல்லாண்டு வாழ்கிறார்கள். பெரும்பாலும் சுரப்பி முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும், பிறகு வாழ்நாள் முழுக்கத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு எதற்கும் அது தடையில்லை. ஆனால் அறுவை செய்பவர் யார் என்பது முக்கியம். குரலுக்கான நரம்பும், கால்சியத்தைக் காக்கும் குட்டிச் சுரப்பிகளும் அந்தச் சின்னக் கழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மேற்சொன்ன வழிகாட்டி, ஆண்டுக்கு 30 கழுத்து அறுவைகளாவது செய்யும் கைகளில் ஒப்படைக்கச் சொல்கிறது. 'டாக்டர், இந்த அறுவையை வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்' என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை.

மகளிடம் எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். ஸ்கேன் டேபிளில் படுத்திருந்தது அவள். உங்கள் முகத்தையும் அவள்தான் தினமும் பார்க்கிறாள். நீர் நிறைந்த சிறு பை, உன் வயதுப் பிள்ளைகளுக்குச் சகஜம், அடுத்த வருஷம் ஒரு தடவை பார்ப்போம், வலிக்காது என்று சொல்லிவிடுங்கள். ஒலி அலையால் எடுக்கும் ஸ்கேன், அதில் கதிர்வீச்சு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், நாத்தனாருக்கும்தான். அடுத்த ஆண்டு போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அதே சென்டர்.

கடைசியாக உப்பு. நீங்கள் சந்தேகப்பட்ட செல்போனும் நூடுல்ஸும் முட்டைக்கோஸும் இந்த நீர்க்கட்டிகளுக்குக் காரணமில்லை. சமைத்த முட்டைக்கோஸைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஆரோக்கியம் என்று நம்பி வீட்டில் ஒரு வருடமாக இந்துப்பு மட்டுமே புழங்குகிறீர்கள் என்று படித்தேன். அதில் தைராய்டுக்குத் தேவையான அளவு அயோடின் இல்லை. அயோடின் குறைந்தால் குழந்தைகளுக்குக் கழலையும் நாட்யூலும் வரும் வாய்ப்பு கூடும். இந்தியாவில் சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம் என்ற விதி 2006-ல் மீண்டும் வந்ததே இதற்காகத்தான். கல்லுப்பானாலும் தூளுப்பானாலும் பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்துப்பை மோரில் போட்டுத் தீர்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்